முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்குத்தத்தங்கள்

செப்டம்பர் 11, செவ்வாய்

என் நண்பன் தேவஇரக்கத்தை மாலை நான்கு மணிக்கு அடக்கம் செய்தோம். மழை வரும் என்று எல்லோரும் குடையோடு வந்திருந்தார்கள். ஒரு துளி இல்லை.

இந்த டைரி அவன் கொடுத்தது. அவன் மச்சினன் உரக் கம்பெனியில் இருப்பதால் ஜனவரியில் நாலைந்து டைரி வரும், ஒன்று எனக்கு. "ஏதாவது எழுதும்வே. காலேஜ் லைப்ரேரியன்னா ஆயுசு பூரா அடுத்தவன் எழுதினதையே அடுக்கிட்டு இருக்கணுமா?" என்றான். இதுவரை ஏழு பதிவுகள் எழுதியிருக்கிறேன். ஐந்து மோட்டார் ரிப்பேர், இரண்டு பல். இது எட்டாவது.

நேரில் நாங்கள் 'வே', 'நீரு' என்றுதான் பேசிக்கொள்வோம், ஐம்பத்து மூன்று வருடமாக. இங்கே 'அவன்' என்று எழுதுகிறேன். இறந்தவர்களுக்கு மரியாதையைக் கூட்டுவது வழக்கம். எனக்குக் குறைக்கத் தோன்றுகிறது.

குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். இப்போதைய ஐயருக்கு முப்பத்தாறு வயது, நல்ல குரல். பெட்டியின் தலைமாட்டில் நின்று, இரக்கத்தின் வேதாகமத்திலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் முன்னால் வந்து, கண்ணை மூடித் தட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுப்பது சபை வழக்கம். அதிலுள்ள வசனம் அந்த வருடம் முழுக்க அந்தக் குடும்பத்துக்கு ஆண்டவர் சொல்லும் சொல். ஃபிரிட்ஜில் ஒட்டுவார்கள், பர்ஸில் வைப்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் தலையணைக்கடியில் வைப்பார்கள். இரக்கத்துக்கு இந்த வருடம் வந்தது, சாகமாட்டேன், பிழைத்திருப்பேன் என்று வேதாகமத்தில் சங்கீதக்காரன் சொல்லும் வசனம்.

"இந்த வாக்குத்தத்தம் பொய்க்கவில்லை" என்றார் ஐயர். "அண்ணன் பிழைத்திருக்கிறார், நித்தியத்தில்!" சபை ஆமென் சொன்னது. வசனத்துக்கு இடமாறுதல் உத்தரவு கிடைத்துவிட்டது.

ரூபவதி ஆமென் சொல்லவில்லை. இரக்கத்தின் மனைவி. ஐயர் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 12, புதன்

மோட்டார் ஓடவில்லை. குளிக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

பாடகர் குழுவில் கீழ்க்குரல் இல்லை. இரக்கம் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாட்டில் ஓய்வு பெறவில்லை. நாற்பது வருடம் கடைசி வரிசையில் நின்று, பாட்டுக்கு அடியில் தரை போட்டுக்கொண்டிருந்தான். இன்று பாட்டுகள் தரையில்லாத வீடு போல நின்றன. ஐயர் மட்டும் கவனிக்கவில்லை. அவர் மைக் வைத்திருக்கிறார்.

பாடியது மறுகரையில் சந்திப்பதைப் பற்றி. ரூபவதி வரவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவள் இடம் காலியாக இருந்தது. யாரும் அங்கே உட்காரவில்லை. எங்கள் சபையில் இருக்கை விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் நித்திய பாதுகாப்பு உண்டு.

செப்டம்பர் 20, வியாழன்

ரூபவதியைப் பார்க்கப் போனேன். மஸ்கட்டிலிருந்து வந்த மகள் நேற்றுத் திரும்பிவிட்டாளாம். வீட்டில் அவள் மட்டும். சுவரில் புத்தாண்டுக் காலண்டர் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. வேதாகமத்தைக் காணவில்லை.

"பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன், அண்ணாச்சி" என்றாள், நான் கேட்காமலே.

"எதுக்கு?"

"பாத்தா ஆத்திரமா வருது. நான் முப்பத்திரண்டு வருஷம் வார்டுல நின்னவ. குடல்ல கட்டின்னா என்ன, எத்தன நாள்ல எங்க பரவும்னு எனக்குத் தெரியாதா? டிசம்பர்ல டாக்டர் சொன்னாரு, ஒரு மாசத்துல அறுத்து எடுத்தா நூத்துக்கு அறுபது பேரு தேறுவாங்கன்னு. மதுரையில பெட்டு சொல்லியாச்சு. ஒண்ணாந் தேதி அந்த அட்ட வந்துது. இவரு என்ன சொன்னாரு? 'ஆண்டவரே சொல்லிட்டாரு ரூபி, இனி கத்தி எதுக்கு?' நான் மல்லுக்கட்டியிருக்கணும். வசனத்துக்கு எதுத்து எப்படிப் பேச? வாய மூடிட்டேன்."

"டாக்டரும் நிச்சயமாச் சொல்லலியே, தங்கச்சி."

"டாக்டர் அறுபதுன்னாரு. ஆண்டவரு நூறுன்னாரு. நூறத்தான நம்புவோம்?" காப்பியை என் முன்னால் வைத்தாள். "ஐயரு வந்தாரு. பிழைச்சிருக்கது நித்தியத்துலன்னு விளக்குதாரு. அப்ப இத ஜனவரியிலயே சொல்லியிருந்தா நான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே ஐயரேன்னு கேட்டேன். ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாரு."

நான் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

"ஒண்ணு கேக்கேன். அந்த அட்ட பொய்யாப் போச்சு. அதே வாயிலருந்து வந்ததுதான, மறுபடி பாப்போம், இனி சாவே கிடையாதுங்கதும்? அதுவும் பொய்யின்னா, அண்ணாச்சி, இவரு இப்ப எங்கயுமே இல்ல. மண்ணுக்குள்ளதான் இருக்காரு. எனக்கு அது மட்டும் தெரியணும்."

காப்பி ஆறிவிட்டது. சர்க்கரை போடாமல் கொடுத்திருந்தாள். எனக்கு நீரிழிவு என்பதை இந்த நிலையிலும் மறக்கவில்லை.

செப்டம்பர் 27, வியாழன்

ஐயர் கூப்பிட்டனுப்பினார். சபைச் செயலர் என்ற முறையில் எனக்கு ஒரு பொறுப்பு. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் நாள். அதற்குள் புதுக் கல்லறைக்குக் கல் நட்டுவிடுவது வழக்கம். கல்லில் ஒரு வசனமாவது இருக்க வேண்டும் என்பது சபை விதி. ரூபவதி, பெயரும் இரண்டு தேதியும் போதும், வசனம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"நீங்க பேசினா கேப்பாங்க, அண்ணாச்சி. அட்டைக்கு வசனம் பொறுக்குறதும் நீங்கதானே. நல்ல வசனமா ஒண்ணு எடுத்துக் கொடுங்க" என்றார்.

அவர் வேறு எதையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. அவர் மனத்தில் வேறு எதுவும் இருப்பதில்லை. அதுதான் அவருடைய நல்ல குணம்.

அக்டோபர் 3, புதன்

கீழ்த்தாடையில் இன்னொரு பல் போயிற்று. உயிர்த்தெழும்போது கிடைக்கும் மறுரூபமான சரீரத்தில் பல் உண்டா என்று இரக்கத்திடம் ஒருமுறை கேட்டேன். "உண்டு. ஆனா விருந்து நித்தியமா நடக்கும்லா, தேஞ்சிரும்" என்றான்.

மாலை நடையில் எங்களுக்கு இந்த வழக்கு நாற்பது வருடமாக நடந்தது: மறுமையில் ஒருவரையொருவர் அடையாளம் தெரியுமா? தெரியாது என்பது என் கட்சி. முகம், குரல், குணம் எல்லாம் மகிமையால் மாறிய பிறகு அடையாளத்துக்கு என்ன மிஞ்சும்? அவன் கட்சி, தெரியும். "நீரு வெள்ளுடுப்புல வந்தாலும் எனக்குத் தெரியும்வே. எல்லாரும் பாடிட்டு இருக்கையில ஒருத்தன் மட்டும் பாட்டுப் புஸ்தகத்துல அச்சுப்பிழை பாத்துட்டு இருப்பான்."

நித்தியத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் ஒரு அலமாரி நிறையும். நூலகராக ஒன்று மட்டும் எனக்குத் தெரியும்: திருப்பித்தர வேண்டிய தேதி இல்லாத புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. நித்தியத்திலும் அப்படித்தான் எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளிப்போடுவோம் என்று சொல்வேன். இப்போது அந்தப் பயம் இல்லை. அங்கே எதையும் தள்ளிப்போட முடியாது என்பதுதான் பயம். எல்லாம் வெளியரங்கமாகும் என்று எழுதியிருக்கிறது.

இந்த வழக்கில் நான் ஜெயித்தால் நல்லது.

அக்டோபர் 9, செவ்வாய்

முருங்கையில் கம்பளிப்பூச்சி. சாக்கை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினேன்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக நான்தான் வசனம் பொறுக்குகிறேன். அச்சகத்திலிருந்து பெரிய தாள்களாக வரும். வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டுவேன். சபையில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம், முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டை. வேதத்தில் பாதி எச்சரிக்கை. எங்கள் தட்டில் எச்சரிக்கையே கிடையாது. வாதை, பஞ்சம், நியாயத்தீர்ப்பு எல்லாவற்றையும் நான் கழித்துவிடுவேன். 'உன் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து, நீ சாகப்போகிறாய்' என்று ஒரு ராஜாவுக்குச் சொல்லப்பட்டது. அதை அட்டையில் போட்டால் அடுத்த தேர்தலில் எனக்கு எத்தனை ஓட்டு விழும் என்று தெரியும்.

பேருந்து நிலையத்தில் கிளி ஜோசியக்காரனைத் தாண்டிப் போகும்போது எங்கள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவனும் கெட்ட சீட்டு வைப்பதில்லை. எந்தச் சீட்டை எடுக்க வேண்டும் என்று அவன் கிளிக்குத் தெரியும்.

தட்டைப் பிடிப்பதும் நான்தான்.

அக்டோபர் 14, ஞாயிறு

ரூபவதி இன்றும் வரவில்லை. ஐந்து வாரம்.

போன டிசம்பர் கடைசியில், ஒரு சாயங்காலம் குளத்துக்கரையில் இரக்கம் நின்றுவிட்டான். மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தான். "பயமா இருக்குவே. மயக்க மருந்து கொடுத்துப் படுக்கப் போட்டா எழும்ப மாட்டேன்னு தோணுது. ரூபிகிட்ட சொல்ல முடியாது. தைரியமா இருக்கமாதிரி நடிக்கேன்." நாற்பது வருடம் நித்தியத்தின் கட்சி பேசியவன். நான் சந்தேகத்தின் கட்சி. அவனைத் தேற்ற என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. 'சரியாயிரும்வே' என்றேன். அதை நாய்க்குக்கூடச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்து அட்டை வெட்ட உட்கார்ந்தேன். அந்தச் சங்கீத வசனம் ஏழாவது தாளில், இடமிருந்து மூன்றாவது. அதை மட்டும் சட்டைப்பையில் எடுத்து வைத்தேன்.

அவனுக்குத் தைரியம் வர வேண்டும். பயமில்லாமல் ஆபரேஷனுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். அந்த மருந்து நான் நினைத்ததற்கு மேலாக வேலை செய்துவிட்டது.

அக்டோபர் 15, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். கிழிக்கவில்லை.

அக்டோபர் 21, ஞாயிறு

இன்னும் ஒன்று இருக்கிறது.

ஆபரேஷன் வேண்டாம் என்று அவன் சொன்னதும் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலில்லை, சுற்றி வளைத்தேன். "கத்தியும் ஆண்டவர் கையிலதான்வே இருக்கு" என்றேன். சிரித்தான். "உமக்கு விசுவாசம் பத்தாதுவே. அதான் உமக்கு வராம எனக்கு வந்துருக்கு" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் பாடினான், நடந்தான், என்னோடு சண்டை போட்டான். நான் வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு போய்விடும் என்று சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன்.

திறந்தால் அவன் என்னை எப்படிப் பார்த்திருப்பான் என்பதை யோசித்ததாக நினைவில்லை. நினைவில்லை என்று எழுதிய பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மாடியில் காய்ந்த துணியை எடுத்து வந்தேன்.

ஜூனில் கட்டி ஈரலுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு சொல்லிப் பயனில்லை என்று ஒரு காரணம் கிடைத்தது. காரணங்கள் விஷயத்தில் எனக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

அக்டோபர் 25, வியாழன்

ரூபவதி வீட்டுத் தெருமுனை வரை போனேன். சர்க்கரை இறங்கியது போலிருந்தது. திரும்பிவிட்டேன். வீட்டில் பார்த்தால் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 30, செவ்வாய்

ஐயரிடம் பொதுவாகக் கேட்டேன்: ஒருவருடைய தப்பால் இன்னொருவர் ஆண்டவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், தப்பு செய்தவன் என்ன செய்ய வேண்டும்?

"ஜெபிக்கணும், அண்ணாச்சி" என்றார்.

ஏழு வாரமாக ஆண்டவர் என் பழியைச் சுமந்துகொண்டிருக்கிறார். அவருக்கு அது பழக்கமான வேலைதான். ஆனால் அவரைக் கேட்காமலே ஏற்றிவிட்டேன்.

நவம்பர் 1, வியாழன்

மூன்றரை மணிக்குப் போனேன். ரூபவதி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு அது அதிகம். இரண்டு பேருக்கு நறுக்கிய பழக்கம் இன்னும் போகவில்லை.

"தங்கச்சி, அந்த அட்டையக் கொடுத்தது ஆண்டவரு இல்ல. நான்."

"நீங்கதான வெட்டுவீங்க. அது ஊருக்கே தெரியும்."

"வெட்டினதச் சொல்லல. அவன் கையில அது வாரமாதிரி வச்சது நான்."

கத்தி நின்றது. "எப்படி?"

சொன்னேன். எனக்கே புரியாத மாதிரிதான் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். எவர்சில்வர் தட்டு ஒன்றும் ஒரு பிஸ்கட் டப்பாவும் கொண்டுவந்தாள். டப்பாவில் கல்யாணம் ஆன வருடத்திலிருந்து அவர்களுக்கு வந்த அட்டைகள், வருடம் எழுதி அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் தட்டில் கொட்டினாள்.

"காட்டுங்க."

"வேண்டாம்மா."

"காட்டுங்க. நான் பாக்கணும்."

அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பினேன். ஒன்றை மட்டும் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி, அடியில் விரல் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடிக் கையை நீட்டினாள். கை இறங்கும் நேரம் தட்டை அரை அங்குலம் திருப்பினேன். எடுத்தாள். பார்த்தாள்.

"இதத்தான் நெனச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் வந்தது. சில காரியங்களைக் கை நன்றாகக் கற்றுக்கொள்கிறது.

"எத்தன நோயாளி ஏமாத்தி மாத்திரய நாக்குக்கடியில வச்சிருப்பான். எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருவேன்" என்றாள். "அன்னைக்கு உங்க கையப் பாக்கல. ஆண்டவரு கைன்னு நெனச்சுட்டேன்."

கையிலிருந்த அட்டையைத் தட்டில் போட்டுவிட்டு, "எதுக்கு?" என்றாள்.

"ஆபரேஷனுக்குப் பயப்படாமப் போவான்னு."

"பயப்படாமத்தான் இருந்தாரு."

தெருவில் சைக்கிளில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் போய் முடியும் வரை நாங்கள் இருவரும் மீன் வாங்குகிறவர்களைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஜனவரி இருபத்திரண்டு" என்றாள். "மதுரைக்கு போன் பண்ணி பெட்டு வேண்டாம்னு சொன்னோம். நீங்க இதே நாற்காலியில இருந்தீங்க."

"இருந்தேன்."

"அப்பவும் தெரியும்லா."

"தெரியும்."

"காப்பி குடிச்சீங்க. சுசியம் ரெண்டு சாப்பிட்டீங்க. இனிப்பு கம்மியா இருக்குன்னீங்க."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் அவள் நர்ஸ்; எது எப்போது கொடுத்தோம் என்பதில் தப்பு வராது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

"இப்ப தெரியும்" என்றாள்.

அட்டைகளை வருடவாரியாகத் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். நான் குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கப் போனேன். "தொடாதீங்க. போங்க" என்றாள். அண்ணாச்சி என்று சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. இப்ப தெரியும் என்றாள். ஏழு வாரத்தில் இன்றுதான் அவனை எங்கோ இருக்கிறவனாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கேட்ட ஒன்றே ஒன்று கிடைத்துவிட்டது. நான் பயந்த ஒன்றே ஒன்றும்.

நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் தோட்டம். எல்லாக் கல்லறையிலும் பூ, மெழுகுவர்த்தி. என் மனைவி மேபலின் கல்லறையைக் கழுவி, கேந்திப்பூ வைத்தேன். போய் ஒன்பது வருடம். கல்லிலுள்ள வசனம் நான் பொறுக்கியதுதான். அவளும் என்னைப் பற்றி இரக்கத்திடம் தன் கட்சியை அங்கே சொல்லிவைத்திருப்பாள்.

இரக்கத்தின் மேட்டில் கல் இல்லை. வெறும் செம்மண்ணில் ரூபவதி நின்றிருந்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. வாசர் கசிந்தது. மாற்றினார்கள்.

நவம்பர் 18, ஞாயிறு

ரூபவதி ஆராதனைக்கு வந்தாள். மூன்றாவது பெஞ்ச். பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பாடினாளா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை, உதடு அசைந்தது.

ஐயருக்கு ஒரே சந்தோஷம். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன பேசினீங்களோ, அண்ணாச்சி, ஆண்டவர் உங்களை வல்லமையா பயன்படுத்தியிருக்காரு" என்றார். இந்த மாதிரி வார்த்தைகளுக்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். இன்று கையை விடுவித்துக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். பார்க்கவில்லை. அவளுக்கு ஆண்டவர் திரும்பக் கிடைத்துவிட்டார். அவரோடு என்னையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த வசனமும் இல்லை; தேடிப் பார்த்தேன். மன்னிப்பதைப் பற்றி நிறைய இருக்கிறது. ஆனால் அதெல்லாம் அவள் தானாக எடுக்க வேண்டிய அட்டைகள். நான் நீட்டக்கூடாது.

டிசம்பர் 2, ஞாயிறு

கல் நட்டாயிற்று. வசனம் போட வேண்டும் என்று அவளே ஐயரிடம் சொன்னாளாம். "செயலர்ட்ட கேக்க வேண்டாம்" என்றும் சொன்னாளாம். ஐயர் அதை என்னிடம் மறைக்கத் தெரியாமல் மறைத்தார்.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு போய்ப் பார்த்தேன். கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து. ஆண்டவர் கண்ணீரையெல்லாம் துடைப்பார், இனி மரணம் இல்லை என்று வரும் வசனம். நல்ல தேர்வு. நானாக இருந்தால் கொஞ்சம் புத்திசாலித்தனமான ஒன்றைக் கொடுத்திருப்பேன். இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

"என்னவே" என்றேன், சத்தமாக. பழக்கம். பக்கத்துக் கல்லறையில் இருந்த ஓணான் ஓடிவிட்டது.

டிசம்பர் 17, திங்கள்

அச்சகத்திலிருந்து தாள்கள் வந்தன. செயலர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று ஐயரிடம் கடிதம் கொடுத்தேன். மார்ச்சில் பார்க்கலாம் என்றார். சபையில் ராஜினாமாவுக்கும் கமிட்டி உண்டு. தட்டை வேறு யாராவது பிடிக்கட்டும் என்றேன். அதற்கு மட்டும் சம்மதித்தார். காரணம் கேட்கவில்லை. மூட்டுவலி என்று நினைத்திருப்பார்.

டிசம்பர் 29, சனி

காலை பத்தரைக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ரூபவதி. கையில் அவளுடைய சொந்தக் கத்தரிக்கோல், ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல், நுனி வளைந்தது.

"தட்டு நான்தான் பிடிக்கப் போறேன். ஐயருகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "வெட்டுததையும் பாக்கணும்."

மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். ஒன்றரை மணிநேரம் இருவரும் வெட்டினோம். அவள் வெட்டியதில் ஓரம் நேராக இருந்தது. என்னுடையது எப்போதும் போல. வெட்டும் வசனத்தையெல்லாம் வாய்க்குள் படித்துக்கொண்டே வெட்டினாள். ஏழாவது தாள் வந்ததும் நிறுத்தினாள். இடமிருந்து மூன்றாவது இடத்தில் இந்த வருடம் வேறு வசனம்.

"அத எடுத்துட்டீங்களோ?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

நான் அடுத்த தாளை எடுத்தேன்.

"அது என்ன தப்பு பண்ணிச்சு?" என்றாள். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். மூலை மழுங்கி, நடுவில் மடிந்த கோட்டோடு, எட்டு மாதம் ஒரு மனிதனின் சட்டைப்பையிலும் வேதாகமத்திலும் இருந்த அட்டை. மற்ற அட்டைகளின் நடுவில் செருகினாள். "யாருக்கு வரணுமோ அவங்களுக்கு வரட்டும். தானா."

எழுந்தபோது மேஜையில் கிடந்த தாள் துணுக்குகளைக் கையால் கூட்டி என் குப்பைக்கூடையில் போட்டாள். கத்தரிக்கோலைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். நான் ஏனோ வாசல்வரை போய் நின்றேன்.

டிசம்பர் 31, திங்கள்

டைரி இந்தப் பக்கத்தோடு முடிகிறது. உரக் கம்பெனி அடுத்த வருடமும் மச்சினனுக்குக் கொடுக்கும். எனக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

ஜனவரி 1, செவ்வாய்

பின்னால் முகவரி எழுதுவதற்கு விட்டிருக்கும் தாளில் எழுதுகிறேன். எனக்கு எழுத வேண்டிய முகவரிகள் அதிகமில்லை.

ஆராதனை முடிந்து வரிசையில் நின்றேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வரிசையில். பீடத்துக்கு முன்னால் ரூபவதி, வெள்ளைச் சேலை, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தாள். மார்போடு அணைத்து, ஆடாமல், குருதிப் புட்டியைப் பிடிக்கிற பிடி. விரல்கள் எல்லோரும் பார்க்கும்படி வெளியே இருந்தன.

என் முறை. கண்ணை மூடினேன். அந்த மழுங்கிய மூலை விரலில் தட்டுப்பட்டால் என்ன செய்வது என்று கடைசிவரை யோசித்தேன். எடுத்தேன். எல்லா மூலையும் கூராக இருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணல" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "தானா வந்ததுதான், அண்ணாச்சி."

வேப்பமரத்தடிக்கு வந்துதான் படித்தேன். என் ஆடுமாடுகள் பெருகும், என் களஞ்சியங்கள் நிரம்பும் என்று இருந்தது. நான் வாடகைக்கு இருப்பது முதல் மாடியில்.

திரும்பினேன். வலது பக்கம், இரண்டடி தள்ளி, அவன் எப்போதும் நிற்கிற இடம். அட்டையை நீட்டிக்கூட விட்டேன். அங்கே யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் நின்றது.

அவன் இருந்திருந்தால் அடுத்த புத்தாண்டு வரை என் மாட்டுக்குத் தீவனம் விசாரித்திருப்பான்.

அட்டையை இந்தத் தாளுக்குள் வைக்கிறேன். அடையாள வழக்கில் நான் தோற்பேன் என்றுதான் இப்போது படுகிறது, தோற்கட்டும். அவனுக்கு என்னைத் தெரியும். ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தாலும் முதலில் அந்தச் சங்கீத அட்டையைப் பற்றி நானே என் வாயால் சொல்ல வேண்டும். அவன் கேட்டு முடிக்கும்வரை நிற்க வேண்டும். அதற்கு எவ்வளவு காலம் ஆனாலும் அங்கே காலம் இருக்கிறது.

அதன் பிறகும் அவன் முகத்தைத் திருப்பாமல் இருந்தால், இந்த மாடுகளைக் காட்ட வேண்டும்.